வடக்குக்குச் சொன்ன பதில்

ஏப்ரல் 9

இல்லை, வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க மற்றவர்களின் மண்ணைப் பற்றிப் பேசுகிறேன். என் மண்ணைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அந்த வகையில் நிம்மதி.

இன்று கடை கவுண்டரில் பதினேழு பேர். ஸ்வீடனின் தென்கோடியில், இந்த லுண்டில், ஏப்ரல் வந்தால் எல்லோருக்கும் தக்காளிப் பைத்தியம் பிடித்துவிடும்.

"தோட்டம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். இந்த விதைக் கடையில் அதுதான் முதல் கேள்வி, யார் வந்தாலும். நாடு அவ்வளவு நீளம். இங்கே முள்ளங்கி பிடுங்கும் வாரத்தில் மேலே வடக்கில் பனிச்சறுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"மூணாவது மாடி பால்கனி. வடக்கப் பாத்தது."

"வெயில்?"

"ஜூன்ல ஒரு அரை மணி நேரம் எட்டிப் பாக்கும்."

கடைக்காரர் ருட்கர் பின்னாலிருந்து கத்தினார்: "அவருக்குப் புதினா குடு எல்லி. புதினாவ யாராலயும் கொல்ல முடியாது. என் மாமியார் மாதிரி."

அந்த ஆள் புதினா வாங்கவில்லை. தக்காளிதான் வாங்கினார்.

ஏப்ரல் 14

அக்கா ஹில்யா அழைத்தாள். ஞாயிறுதோறும் அழைக்கிறாள். இப்போது கேள்விகளோடு.

பிப்ரவரியில் அவள் அப்பாவின் வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். ஊர் வடகோடியில், டோர்னே ஆற்றங்கரை. எதிர்க்கரை பின்லாந்து. அப்பா இறந்து இரண்டு குளிர்காலம் பூட்டிக் கிடந்த வீடு. ஆளுக்குப் பாதி. விற்றுவிடலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். கடைசியில் ஓர் உடன்பாடு: இந்த ஒரு கோடை. அந்த மண்ணில் விளைவதைத் தின்று அக்டோபர்வரை அவளால் இருக்க முடிந்தால் வீடு அவளோடு இருக்கும். இல்லையென்றால் இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

"நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்? ஊரு பூரா உங்கிட்டதான வந்து கேக்குது" என்றாள்.

எனக்கு அந்த வீடு விற்கப்பட வேண்டும். ஏன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

ஏப்ரல் 21

வீட்டோரம் நின்ற லைலாக் மரத்தின் கிளைகளை வந்த வாரமே வெட்டிவிட்டாளாம். ஜன்னல் வெளிச்சத்தை மறைத்ததாம். நாற்றுக்கு வெளிச்சம் வேண்டுமாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: குளிர்காலத்தில் வெட்டினால் அந்த வருடம் பூக்காது. கேட்கவில்லை.

மே 3

அறுபத்து நான்கு நாற்று. பால் பெட்டிகளைப் பாதியாக வெட்டி வளர்க்கிறாள். ஜன்னல் போதாமல் அப்பாவின் கட்டிலிலும்.

"அப்பா கட்டில்ல பூசணி தூங்குது. குறட்டை மட்டும்தான் இல்ல."

சிரித்துவிட்டேன். பிறகு எரிச்சல். அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாள். பத்தொன்பது வயதில் அதே ஜன்னல் வழியாகப் பார்த்து எனக்கு மூச்சு முட்டியது. ஒரே ஜன்னல். ஒரே ஆறு.

மே 12

ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. எந்த நாள் உடையும் என்று ஊரே பந்தயம் கட்டும். இந்த வருடம் நாளைச் சரியாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஹில்யா.

"வால்ஃப்ரிட் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். நாப்பது வருஷமா பந்தயம் கட்டுறாரு, ஒருவாட்டிகூட ஜெயிச்சதில்ல." வால்ஃப்ரிட் பக்கத்து வீட்டுக்காரர்.

நானும் மனதுக்குள் ஒரு தேதி வைத்திருந்தேன். ஒன்பது நாள் பிசகு.

மே 24

வேலை நேரத்தில் அழைத்தாள். ருட்கர் சாப்பிடப் போயிருந்தார். வரிசையில் ஐந்து பேர்.

"எல்லி, வெளிய நட்டுடலாமா? இங்க இருபத்தி நாலு டிகிரிடி. நான் கையில்லாத சட்ட போட்டுக்கிட்டு நிக்கிறேன். சவுனாக் குளியல் கொட்டகை பின்னாடி மட்டும் கொஞ்சம் பனி கெடக்கு. மத்தபடி கோடதான்."

"ம்."

"லைலாக் பூத்தப்பறம்தான் நடணும்னு அப்பா சொல்வாரு. நாந்தான் அத மொட்டையடிச்சிட்டேனே. எதப் பாத்து நடுறது?"

கடைக் கண்ணாடிக்கு வெளியே எங்கள் தெரு லைலாக். பூ பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தது.

"இங்க பூத்து முடிஞ்சே போச்சு அக்கா" என்றேன்.

"அப்ப நட்டுடவா?"

"நட்டுடு."

அவ்வளவுதான் பேச்சு. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இங்கே பூத்து முடிந்துதான் போயிருந்தது.

மே 25

அமைதியில்லை.

ஜூன் தொடக்கத்தில் சில இரவுகள் வரும். காற்று நின்று, வானம் துடைத்தாற்போல் ஆகி, உறைபனி இறங்கும். இரும்பு இரவுகள் என்பார்கள். வடக்கிலிருந்து யார் வந்தாலும் சொல்லி அனுப்புகிறேன்: ஜூன் பத்துக்கு முன்னால் எதையும் வெளியே நடாதீர்கள். இன்று மட்டும் நான்கு பேரிடம் சொன்னேன். வடக்கே பூடன் என்ற ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஒரு தம்பதியிடம் இரண்டு முறை சொன்னேன். அந்த அம்மா, "எங்களுக்குத் தெரியாதாம்மா? அங்கயே பொறந்து வளந்தவங்க நாங்க" என்று சிரித்தார்.

நானும் அங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

மறந்துவிட்டேனா? வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள். அவசரம். மறதி. இருக்கலாம்.

மே 28

மூன்று முறை அலைபேசியை எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

மே 31

மதியம் மூன்று மணிக்கு வானிலை பார்த்தேன். அவள் ஊருக்கு: தெளிந்த வானம், காற்று இல்லை, அதிகாலை பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து.

ஒரு போர்வை போதும். பழைய படுக்கை விரிப்புகள், பாய்கள், கவிழ்த்த வாளிகள். சொல்லியிருந்தால் சாயங்காலமே மூடியிருப்பாள். அவள் எண்ணைத் திறந்துவிட்டேன். அப்போது ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளரிக்கு ஏன் கசப்பு வருகிறது என்று கேட்டார். தண்ணீர் ஒரு நாள் ஊற்றி ஒரு நாள் விட்டால் வரும் என்றேன். போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆறு மணிவரை யாருமே வரவில்லை.

நான் அழைக்கவில்லை.

ஜூன் 1

காலை ஆறு பத்து.

"எல்லாம் கறுத்துப் போச்சு எல்லி. வேகவச்ச கீர மாதிரி. தொட்டா கையோட வருது. பூசணி, பீன்ஸ், தக்காளி, எதுவும் இல்ல. முட்டைக்கோஸ் மட்டும் நிக்குது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ள இருந்ததால தப்பிச்சுது."

நான் என்ன சொன்னேன்? "ஐயோ" என்றேன்.

"நேத்து சாயங்காலம் வால்ஃப்ரிட் வேலியோரமா வந்து, இன்னிக்கு மூடி வைம்மான்னாரு. என் தங்கச்சி இதே வேலைதான் பாக்குறா, அவ சொல்லித்தான் நட்டேன்னேன். தோளக் குலுக்கிட்டுப் போய்ட்டாரு."

ஜூன் 2

மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! "வேல நேரத்துல கூப்ட்டு உன்னத் தொந்தரவு பண்ணிட்டேன். நான் சரியா வெவரம் சொல்லலடி."

ஜூன் 5

வீட்டுத் தரகருக்கு எழுதிவிட்டாளாம். கோடைக்குள் தாள்கள் வரும்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. மதியம் சாப்பிடாமல் விதைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ருட்கர் மீன் சாண்ட்விச்சை என் பக்கம் தள்ளி, "யாரு செத்தா?" என்றார். "அறுபத்து நாலு பேரு" என்று வாய்வரை வந்தது. முட்டைக்கோஸைக் கழித்தால் நாற்பத்தொன்பது.

ஏன்? நேராக எழுது. பணமா? இல்லை. எனக்கு அந்தப் பணத்தால் ஆக வேண்டியது எதுவுமில்லை. அவள் அங்கே இருந்து காட்டிவிட்டால் அது இருக்கக்கூடிய இடம் என்று ஆகிவிடும். அப்புறம் நான் வெளியேறியது என்ன? ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன்: அங்கே யாராலும் இருக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் அதை அழகழகாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். அவள் ஒரு பூசணியோடு வந்து அதைப் பொய்யாக்கப் பார்த்தாள்.

ஜூன் 8

சொல்லிவிட்டேன்.

"அக்கா, சவுனா பின்னாடி பனி கெடக்குன்னு சொன்னியே."

"ஆமா."

"அது எங்காதுல விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு."

"சரி, அதுக்கென்ன?"

"பனி கெடக்குற எடத்துல நடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன். உங்கிட்ட மட்டும் சொல்லல. அன்னிக்கு மூணு மணிக்கே உறையப் போவுதுன்னும் தெரியும். போன் பண்ணல."

அவள் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது.

"ஏண்டி?"

"நீ தோக்கணும்னு நெனச்சேன்."

"வீட்ட விக்கவா?"

"அது இல்ல. நீ அங்க இருந்துட்டேன்னா நான் ஏன் ஓடிவந்தேன்? சொல்லு. நான் எதுக்கு ஓடிவந்தேன்?"

இதைச் சொல்லும்போது அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அழ வேண்டியவள் நானில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மார்ச்சுலேர்ந்து ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பி வச்சேன். காலைல ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி. கோவம்னா என்ன நேரா ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே எல்லி. அதுங்க என்னடி பண்ணுச்சு?"

பிறகு, "போன வை. நீயே வை. நான் வச்சா நல்லாருக்காது."

வைத்தேன்.

ஜூன் 9

அழைப்பு இல்லை.

ஜூன் 10

இல்லை.

ஜூன் 14

ஒரு குறுஞ்செய்தி. "டர்னிப் கிழங்கு எட்டு வரிசை விதைச்சாச்சு. தரகர்கிட்ட கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டேன். உங்கிட்ட கேக்கல, தகவல் சொல்றேன்."

எட்டு வரிசை அதிகம், முதல் தடவைக்கு நான்கு போதும் என்று தட்டினேன். அழித்தேன். "சரி" என்று அனுப்பினேன்.

ஜூலை 7

ஐந்து ஞாயிறுகளாக அழைப்பு இல்லை. கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். நத்தை, அசுவினி, வெந்துபோன கீரை. பதில் சொல்கிறேன். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன், நம்புகிறார்களா என்று. நம்புகிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25

அழைத்தாள். காய்கறி பற்றி ஒரு கேள்விகூட இல்லை. சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். டர்னிப் முஷ்டி அளவு. இரவிலும் அணையாத வெளிச்சத்தில் கண்ணெதிரே பருத்ததாம். உருளைக்கிழங்கு ஏழு பெட்டி. முட்டைக்கோஸை வால்ஃப்ரிட் தன் நிலவறையில் வைக்க இடம் கொடுத்திருக்கிறார்.

"அக்டோபர் தாண்டும்" என்றாள். "தக்காளி இல்லாமத்தான் அப்பாவும் எழுபத்தோரு வருஷம் இருந்தாரு."

"நான் ஒருவாட்டி வரட்டுமா?"

ஆறு வருடத்தில் நான் இதைக் கேட்டதில்லை.

"இந்த வருஷம் வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. நாள் பார்த்துச் சொல்கிறவள் போலச் சொன்னாள்.

செப்டம்பர் 6

தரகரின் தாள்கள் அக்கா வழியாக வந்தன. ஹில்யாவின் இடத்தில் குறுக்குக் கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்தில்: விற்கவில்லை. என் இடம் காலியாக இருந்தது.

செப்டம்பர் 10

என் பாதியை அவளுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ருட்கர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:

"என்னத்தக் குடுக்கற?"

"பாதி வீடு."

"அவ கேட்டாளா?"

"இல்ல."

"சும்மாவா குடுக்கற?"

"சும்மா இல்ல" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். ரொட்டி கொண்டுவந்த பெண் இரண்டாவது சாட்சி.

இதனால் ஏதாவது சரியாகுமா? ஆகாது. அந்த நாற்பத்தொன்பதும் கறுத்துத்தான் கிடக்கும். ஆனால் இனி அவள் அங்கே இருப்பதற்கு என் சம்மதம் வேண்டியதில்லை. எனக்கும் அவள் தோற்க வேண்டிய அவசியம் இல்லை.

கடிதம் எதுவும் வைக்கவில்லை. உறையை ஒட்டி மூலையிலிருந்த மஞ்சள் தபால் பெட்டியில் போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. பேருந்துக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்து, நனைந்த காலுறைகளைக் காயப் போட்டேன்.