பச்சை என்று சொன்னாய்

இன்று காலை காக்ஸ் டவுன் மார்க்கெட் சுவரில் யாரோ டியூஷன் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சூடு ஆறாத மைதா பசை. அந்த வாசனையில் நின்றுவிட்டேன். ஆபீசுக்குத் தாமதம்.

நாம் ஒட்டிய முதல் நோட்டீஸில் ஒரு தவறு இருந்தது. என் தவறு.

நான் எம்.ஏ. முடித்த புதிது. எங்கள் வீட்டு மாடி அறையில் நீ வாடகைக்கு இருந்தாய். தளிப் பக்கத்து மலையில், உங்கள் இருளர் குடியிருப்பிலிருந்து கட்டட வேலைக்கு வந்த உன் அக்கா மாதி ஒரு திங்கட்கிழமை சைட்டிலிருந்து காணாமல் போனாள். "உங்க ஜனம் இப்படித்தான் போவாங்க, வருவாங்க" என்றார் ஸ்டேஷனில் ஒருவர். நீ பெஞ்சை விட்டு எழவில்லை. மாலைவரை. கடைசியில் புகார் எழுதக் காகிதம் கொடுத்தார்கள்.

கன்னடம் எழுதத் தெரிந்தவள் நான். அடையாளம் கேட்டேன். "வலது கையில பச்சை இருக்கும்" என்றாய். இந்த ஊரில் பிறந்து இங்கிலீஷில் படித்த நான், பச்சை வளையல் என்று எழுதினேன். நோட்டீஸிலும் அதையே. கன்னடம் வாசிக்கத் தெரியாத நீ என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டாய்.

பதினோரு நாள் இந்த நகரம் பச்சை வளையல் போட்ட ஒருத்தியைத் தேடியது. தேடத்தான் செய்தது. பூக்காரிகள், பஸ் கண்டக்டர்கள், என் அம்மாவோடு சர்ச்சுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் கேட்காமலே கைநிறைய நோட்டீஸ் வாங்கிப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள், தெருமுனை டீக்கடைக்காரம்மா அதை உரக்க வாசித்து உனக்குத் தமிழில் சொன்னார். நீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"வளையலா? எங்க அக்கா வளையலே போட மாட்டா. பச்சை குத்தினது. தேளு."

திட்டுவாய் என்று காத்திருந்தேன். "உன்கிட்ட டாட்டூன்னு சொல்லியிருக்கணும், எம்.ஏ.காரி" என்றாய். கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரிப்பு நிற்பதற்குள் அழுதாய்.

அன்றே தெருத் தெருவாகப் போனோம். நோட்டீஸில் வளையல் என்ற சொல்லை நான் அடித்தேன். நீ அதன் மேல் பேனாவால் தேள் வரைந்தாய். வாலுக்கு மேல் மூன்று புள்ளி.

அடுத்த ஞாயிறு, ஒரு பெண்கள் விடுதிக்குச் சோறு பரிமாறப் போன சர்ச் பெண்களில் ஒருவர், தட்டு நீட்டிய கையில் அந்தத் தேளைப் பார்த்தார்.

வண்டி மோதி ஆஸ்பத்திரி. அங்கிருந்து விடுதி. அவள் பேச்சு அங்கே யாருக்கும் புரியவில்லை, பேசுவதையே விட்டுவிட்டாள். பதிவேட்டில் 'பேச இயலாதவர்'. நீ வாசலில் நின்று உங்கள் பேச்சில் கூப்பிட்டாய். அவள் திட்டத் தொடங்கினாள். இத்தனை நாள் எங்கே போனாய் என்று அரைமணி நேரம். வார்டன் பதிவேட்டை எடுத்து அந்த வரியை அடித்தார்.

அதன் பிறகு இரண்டு மழைக்காலம்தான் நீ இருந்தாய். காய்ச்சல். நான்கு நாள். அதை எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

மாடி அறையில் இப்போது மாதி அக்கா இருக்கிறாள். மலையிலிருந்து யாரையாவது தேடி வருபவர்களை டீக்கடைக்காரம்மா எங்களிடம் அனுப்புகிறார். அக்கா கேட்பாள், நான் எழுதுவேன். எழுதியதைத் தமிழில் திருப்பி வாசிக்காமல் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலை.

போன வாரம் ஓர் அப்பாவோடு ஸ்டேஷனில் இருந்தோம். அவர் மகளுக்கு மச்சமில்லை, தழும்பில்லை. வெகுநேரம் யோசித்து, "சிரிச்சா ஒரு பக்கம் குழி விழும்மா" என்றார். அதற்குக் கன்னடச் சொல் எனக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த பெண் காவலரைக் கேட்டேன். அவர் ஃபைலை மூடிவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"குளி கென்னெ."

"அட, நம்ம குழிதான்" என்றாள் அக்கா.

எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காவலர் நாற்காலியை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், எந்தக் கன்னம் என்று கேட்டார்.