பதினோரு மாதத் தூசி

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு நாலு பேரிடம் வாய் கொடுத்துக்கொண்டு நடமாட்டமாகத்தான் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். உன் மகளுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவது உனக்குப் பகீரென்று இருக்கும், எனக்கு நான்கு நாளாக அப்படித்தான் இருக்கிறது. அடுத்த மாதம் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு அவள் உன்னிடம் வந்துவிடுவாள் என்று நீ அறையை ஒழித்து வைத்திருக்கிறாய். அவள் வரமாட்டாள் கண்ணு, இன்னும் ஒரு வருடம் ஆகும். அதற்குக் காரணம் பல்கலைக்கழகம் இல்லை, நான்.

நம் வீட்டில் பீரோ மேல், புத்தக அலமாரி மேல், ஜன்னல் திட்டில் என்று ஏழு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடித் தட்டுகளை அவள் வைத்திருந்தாள், ஒவ்வொன்றின் அடியிலும் தேதி போட்ட சீட்டு. ஒரு வருடம் விழுகிற தூசி விழுந்தபடியே கிடக்க வேண்டும், அந்தப் பக்கம் துணி கொண்டுபோகாதீங்க பாட்டி என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். தூசியைச் சேர்த்து வைப்பதும் ஒரு படிப்பா என்று எனக்குள் சிரித்துக்கொண்டாலும் பதினோரு மாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். போன வியாழக்கிழமை கீழ்வீட்டுத் தையல்காரி தலையணை உறைகளைக் கொடுக்க வந்தாள், வந்தவள் கொடுத்துவிட்டுப் போகாமல் அலமாரி மேல் ஒரு விரலால் கோடு இழுத்து, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, என்னக்கா இது, ஆராய்ச்சி பண்ற பொண்ணு இருக்கிற வீடா இது, உங்களுக்கும் கண்ணு மங்கிப்போச்சா என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் படியிறங்கின சத்தம் அடங்குமுன் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன். முதலில் உலர்ந்த துணியால் தட்டி, பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஏழு தட்டையும் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி, சீட்டுகளைக்கூட நேராக வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். தூசிதானே, நாளைக்கே மறுபடி விழாதா என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

சாயங்காலம் உன் மகள் வந்தாள். தோளில் இருந்த பையை இறக்காமல் அப்படியே நின்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, கேட்டது ஒன்றே ஒன்று, துணியை அலசிட்டீங்களா பாட்டி. நானும் பெருமையாக, இரண்டு தண்ணீரில் அலசிக் காயவே போட்டுவிட்டேன் என்றேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள், பன்னிரண்டு வீடுகளில் தட்டு வைத்திருக்கிறாளாம், அதில் மரப்பட்டறைக்கு நேர் எதிரே இருப்பது நம் வீடு மட்டும்தானாம், இது போனால் மற்ற பதினொன்றை எதனோடு ஒப்பிடுவது என்றாள்.

மறுநாள் அவள் பேராசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும், தப்பு பண்ணினது நான், நீ எதுக்குத் தலைகுனியணும் என்று நானும் கிளம்பிவிட்டேன். அந்தக் கட்டிடத்துக்குள் போனதும் எனக்கு அடுத்த அதிர்ச்சி. பல்கலைக்கழகம் என்றால் டாக்டரையும் இன்ஜினீயரையும் வக்கீலையும் உருவாக்குகிற இடம் என்றுதானே நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு அறையில் ஒருத்தி எறும்பு முதுகில் பொட்டுப்பொட்டாக வண்ணம் வைத்து எது எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த அறையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் நூறு வருடத்துக்கு முந்தின மருந்துக்கடைச் சீட்டுகளைக் கையுறை போட்டுக்கொண்டு புரட்டுகிறார். எப்போதோ அணைந்துபோன நட்சத்திரத்தின் வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்கிறதாம், அதற்கு ஒரு ஆள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஜனங்கள் ஏன் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை என்பதற்கு ஒரு பெண். புருஷன் பெண்டாட்டி சண்டையில் யார் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுக்கிறவளிடம், என் வீட்டுக்காரர் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் ஒரே வாரத்தில் பட்டம் வாங்கியிருப்பாய் என்றேன், அவள் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள். அஞ்சாவதோடு நின்றவள் நான், உலகத்தில் தெரிந்துகொள்ள இவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யார் எனக்குச் சொன்னார்கள்.

பேராசிரியர் அம்மா குள்ளமாக, வெட்டின முடியோடு இருந்தார். திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போனால், நாற்காலி போட்டு உட்காரவைத்து, எந்தத் துணி, எந்தக் கை, ஜன்னல் திறந்திருந்ததா, எத்தனை வயசிலிருந்து துடைக்கிறீங்க என்று கேட்டார். ஒன்பது வயதிலிருந்து என்றேன். உலர்ந்த துணியால் தட்டினதைச் சொன்னதும் பேனா நின்றுவிட்டது. மருந்துச்சீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து, அந்தக் காலத்து மரப்பட்டறைத் தெருவில் இருமல் மருந்தை அதிகம் வாங்கினது மரம் அறுத்த ஆண்கள் இல்லையம்மா, வீட்டுப் பெண்கள்தான், ஏன்னு எனக்கு விளங்கவே இல்லை என்றார். விழற தூசியை மட்டும் அளந்தோமே, தட்டும்போது கிளம்பறதை அளக்கலையே என்று பேராசிரியர் உன் மகளைப் பார்த்தார். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து, இவ சேரும்போது எழுதிக் கொடுத்த முதல் வரி தெரியுமா உங்களுக்கு என்று படித்தார். என் பாட்டி பதினைந்து வருடமாக இருமுகிறார், அவர் புகை பிடித்ததில்லை, ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தொண்டைக் கமறல் என்று சொல்லி நான் மூடி மறைத்ததை அவள் ஒருநாளும் நம்பவில்லை. உனக்கு எழுதின எந்தக் கடிதத்திலும் அந்த இருமலை நான் எழுதினதில்லை, இதிலும் மேலே நடமாட்டமாக இருக்கிறேன் என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன், மன்னித்துக்கொள். நாளைக்குத் திங்கட்கிழமை மார்புப் படம் எடுக்கப் போகிறோம், முடிவு என்னவானாலும் மறைக்காமல் எழுதுவேன். நம் வீட்டில் தட்டுகளை மறுபடி முதல் நாளிலிருந்து வைத்திருக்கிறாள். நான் துடைக்கும்போது, கிளம்புகிற தூசியை அளக்க, சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு கருவியைக் கழுத்தோரம் குத்திக்கொள்ள வேண்டுமாம், சரி என்றேன்.

அன்று பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க துடைச்சதை அம்மாகிட்ட சொல்லாதீங்க, துறையில தள்ளிப்போட்டுட்டாங்கன்னு நான் சொல்லிக்கிறேன், உங்களை அம்மா ஒரு வார்த்தை சொன்னா என்னால தாங்க முடியாது என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன், ஆனால் ஒரு வருடம் அவளை எதிர்பார்த்து உட்காரப்போகிறவள் நீ, உண்மை உனக்குத் தெரிய வேண்டாமா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்து அந்தப் பொய்யைச் சொல்லுவாள். நீ நம்பு. யார் தள்ளிப்போட்டார்கள், ஏன் தள்ளிப்போட்டார்கள் என்று குடையாதே, சரிடி, பாட்டியைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல். உன் கோபத்தையெல்லாம் தனியாக எனக்கு எழுதி அனுப்பு, பக்கம் பக்கமாக எழுதினாலும் படிக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், உங்களுக்கு என் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே, இதைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடு. பெட்டியடியில் ஒளித்து வைக்கலாம் என்று நினைக்காதே, உன் மகள் ஆராய்ச்சிக்காரி, ஒரு வருடம் கழித்து வந்தாலும் கிளறி எடுத்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டியே பழகி, இப்போது உன் திட்டுக்காகக் காத்திருக்கும்
அம்மா