ஐந்து ஜோடிச் செருப்பு

சிமெண்டில் செருப்பு வார்த்து வைத்திருக்கிறார்கள். ஐந்து ஜோடி. மேலே தங்க நிறப் பெயிண்டு வேறு. நேற்று நான் போனபோது அது இன்னும் காயவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு கார்டு போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று நீ சிரித்தால் சிரித்துக்கொள்.

இடம் உனக்குத் தெரிந்ததுதான். பந்தலூருக்கு மேலே, நம் எஸ்டேட் முடிகிற இடத்தில் இருக்கும் மணிக்குழி. வெள்ளைக்காரன் பொன் தேடிக் குடைந்து, போட்ட செலவுக்குக்கூடத் தேறாமல் விட்டுவிட்டுப் போன குழிகளில் ஒன்று. இப்போது பக்கத்தில் ஒரு விடுதி வந்திருக்கிறது. மூடிக் கிடக்கும் குழியைச் சுற்றிப் புல்தரை போட்டு, கம்பி வேலி கட்டி, ஆளுயரத்துக்குப் பலகை நட்டிருக்கிறார்கள். பலகையில் கம்பெனித் துரைமாரின் மீசை முடிகூடத் தெளிவாகத் தெரிகிறது. தோண்டியவன் ஒருவனுடைய முகமும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நம்முடைய கயிறும் உன் தகர விளக்கும் இருக்கின்றன. அதன் கீழே அந்தச் சிமெண்டுச் செருப்புகள். ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும், இது எங்கள் சுரங்க மரபு’ என்று ஒரு அறிவிப்பு. ஒரு குடும்பம் வெறுங்காலோடு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. ஈரப் புல்லில் அட்டை ஏறியதும் அந்தக் குடும்பத் தலைவர் குதித்த குதியைப் பார்த்திருந்தால் உனக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சு கிடைத்திருக்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செருப்புக் கதையை அவர்களுக்குச் சொன்னவனே நான்தான். போன மாதம் விடுதியிலிருந்து ஒருவன் வந்து பழைய கதை கேட்டான். ஒரு காப்பி வாங்கிக் கொடுத்ததும் வாய் தன்னால் திறந்துகொண்டது. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

நாம் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த மீட்புக் குழுவை ஊர் ‘குழிக்கட்சி’ என்று கேலி செய்ததே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் ஒரு பசு குழிக்குள் விழுந்தது. அதைத் தூக்கியதில் நமக்கு ருசி கண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழி குழியாக இறங்கினோம். எந்தச் சுரங்கம் எங்கே போகிறது, எது எதோடு சேர்கிறது என்று பள்ளிக்கூட வாத்தியார் படம் போட்டார். நான் பேக்டரி பிட்டர் என்பதால் கப்பியும் சங்கிலியும் என் பொறுப்பு. கேட்காமல் எடுத்துவந்து, திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்குள் இருந்த இடத்தில் மாட்டிவிடுவேன். இறங்குகிற வேலை பெரும்பாலும் உன்னுடையது. சிலோனில் பென்சில் கரி தோண்டும் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நீ ஒருவன்தான். கயிற்றில் மெழுகுவர்த்தியைக் கட்டி முதலில் இறக்குவாய். அது அணைந்தால் காற்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். எரிந்தால் பின்னாலேயே நீ போவாய். அடியில் போனதும் பாறையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாய்.

“இருட்டுக்குள்ளுக்குக் கண்ண நம்பாத மச்சான், காத நம்பு” என்பாய்.

துரையின் நாய் விழுந்தபோது எடுத்துக் கொடுத்தோம். பங்களாவுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் பொன் சுரண்டப் போன இரண்டு பேரை எடுத்தோம். திருட்டுத்தனமாக இறங்கியவர்களுக்குத் துணை போனதாக நம்மைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். “அடுத்த தடவ ஆளு விழுந்தா நாய் மாதிரி குலைக்கச் சொல்லணும், கேக்காவது கெடைக்கும்” என்று நீ சொன்னாய். ஸ்டேஷனிலேயே சிரித்து இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம்.

பொன் சுரண்டுகிறவர்கள் குழிக்குள் செருப்போடு போக மாட்டார்கள். உள்ளே இருப்பது லட்சுமி. மேலேயே, உண்ணிச்செடி மறைவில் கழற்றி வைத்துவிட்டு இறங்குவார்கள். எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்டால் ஒருவனும் நிஜத்தைச் சொல்ல மாட்டான். அதனால் செருப்பை எண்ணிப் பார்த்து ஆளை எடுப்பது என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது நான். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னீர்கள். எனக்கும் அதில் பெருமைதான். பெருமையைச் சொல்லும்போதே இப்போது வாய் கசக்கிறது.

அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மணிக்குழிக்குள் பக்கச் சுவர் சரிந்துவிட்டது என்று காலையில் ஆள் ஓடிவந்தது. போனோம். உண்ணிச்செடிக்குக் கீழே ஐந்து ஜோடி இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். நீ இறங்கினாய். ஏறினாய். மறுபடியும் மறுபடியும் இறங்கினாய். மத்தியானத்துக்குள் மூன்று பேர் உயிரோடும் இரண்டு பேர் பிணமாகவும் மேலே வந்துவிட்டார்கள். உன் உதடு நீலமாக இருந்தது.

“மச்சான், உள்ளுக்கு இன்னும் ஒரு ஆள் இருக்கான்டா. சரிஞ்ச மண்ணுக்கு அங்கிட்டு. தட்டுறான்.”

“செருப்பு அஞ்சுதான்டா. அஞ்சு பேரும் வந்தாச்சு” என்றேன்.

“செருப்ப வுடு. தட்டுறான், நான் கேட்டேன். ரெண்டு ரெண்டா தட்டுறான்.”

ஒரே நாளில் ஒருவன் மூன்று தடவைக்கு மேல் இறங்கக் கூடாது என்பது நம் விதி. நீ மூன்றும் முடித்திருந்தாய். அடுத்த முறை என்னுடையது. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் பளபளத்தது. ஓரத்து மண் கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை: எனக்குப் பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, செய்தி கேட்டு வந்திருந்த தாலுகா அதிகாரி குடைக்குள் நின்றுகொண்டு, “இன்னும் ஆள் இருக்கா, இல்லையா?” என்று கேட்டார். மழையில் நனைந்த அவருடைய ஷூவின் மேல் அவருக்கு இருந்த கவலை அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த மனிதனைப் பிற்பாடு எத்தனையோ தடவை மனதுக்குள் காறித் துப்பியிருக்கிறேன். ஆனால் அவர் கேள்விதான் கேட்டார். பதில் சொன்னவன் நான்.

“இல்லைங்க சார். செருப்பு அஞ்சு ஜோடிங்க, ஆளும் அஞ்சுங்க. இவனுக்குக் கெட்ட காத்தக் குடிச்சுத் தலை சுத்துதுங்க. என்னமோ ஒளர்றானுங்க.”

அவருக்கு அது போதும். ஆபத்தான குழி, இன்றைக்கே மூடிவிடுங்கள் என்றார். எஸ்டேட் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். நீ குழி வாயில் போய்ப் படுத்துக்கொண்டாய். உன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாரோ என்று நீ நினைத்திருக்க மாட்டாய். என் கைதான். என் பிடி உனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் வேலாயி வந்தாள். கொழுந்தெடுக்கிறவள், கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவள். சனிக்கிழமை ராத்திரி போன புருஷன் ராமையா இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்றாள். விடியும் முன்பே தனியாகப் போய் வேறொரு கிளையில் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறான். பொன் சுரண்டுகிறவன் தன் இடத்தைக் கூடப் பிறந்தவனிடமும் சொல்ல மாட்டான். மேலே வந்த மூவருக்கும் அவன் இருந்தது தெரியாது. நான் அவளிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? அவன் எந்த மாதிரிச் செருப்புப் போட்டிருந்தான் என்று கேட்டேன்.

“அவருக்கு ஏதுங்கண்ணே செருப்பு?” என்றாள்.

மழைக்குத் தலையில் சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு மலைக்குப் போகிறவர்கள் எஸ்டேட்டில் பாதிப் பேர். தினம் தினம் என் பேக்டரி வாசலில் கொழுந்து எடை போட நின்ற கால்கள் அவை. வெடித்த குதிகாலில் மண்ணெண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்திருக்கிறேன். ஆனால் எண்ணும்போது எனக்கு அந்தக் கால்கள் ஞாபகம் வரவில்லை.

அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் ஆகிவிட்டது, இனித் தோண்டி என்ன ஆகப்போகிறது என்று என் மனம் எனக்குச் சமாதானம் சொன்னது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை என்று ஒரு பழமொழியையும் எடுத்துக் கொடுத்தது. அதிகாரியோ, “பொன் கிடைச்சிருக்கும், மலையாளத்துப் பக்கம் ஓடியிருப்பான்” என்றார். அப்படியே எழுதினார்கள். மீட்புக் குழுவின் எண்ணிக்கைப்படி உள்ளே யாரும் இல்லை என்று அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. வேலாயி தாலியோடு நடந்தால், ஓடிப்போனவனுக்கு என்ன தாலி என்றார்கள். கழற்றி வைத்தால், புருஷன் இருக்கும்போதே பார் என்றார்கள். எங்கே ஒரு பொம்பளை கிடைப்பாள் என்று காத்திருக்கிற நாக்குகள். நீ குழிக்கட்சியை விட்டாய், பிறகு என்னோடு பேசுவதை விட்டாய், கடைசியில் மகள் வீட்டோடு கோத்தகிரிக்கே போய்விட்டாய். நீ இல்லாமல் கட்சி ஆறு மாதம்கூட நிற்கவில்லை.

நேற்று அந்த விடுதி மேனேஜர் என்னைக் கூப்பிட்டது சால்வை போர்த்த. சால்வைக்குக் கீழே ஒரு தாளும் இருந்தது.

“ஐயா, குழியத் தொறந்து டூரிஸ்டுங்கள உள்ள விடப்போறோம். உள்ளார மனுஷ எலும்பு எதுவும் இல்லைன்னு ரெஸ்க்யூ டீம் ஆளு யாராச்சும் எழுதிக் குடுக்கணும்ங்கறாங்க. உங்க டீம்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். ஒரு சைன் போதுங்க.”

அதே வாக்கியம். அதே பொய்க்கு இரண்டாவது கையெழுத்து. இதையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? பேனா மூடியைத் திறந்தேன். பழகிய கை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. படித்துவிட்டுத் தருகிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சால்வையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

இன்று காலையில் அதன் பின்பக்கத்தில் எழுதினேன். ஆறு பேர் உள்ளே போனார்கள், ஐந்து பேரை எடுத்தோம், ஆறாவது ஆள் ராமையா, அவன் உயிரோடு தட்டியதை நீ கேட்டுச் சொன்னாய், என் முறை வந்தபோது இறங்கப் பயந்து நான் இல்லை என்று சொன்னேன். இவ்வளவுதான், அரைப் பக்கம்கூட வரவில்லை. அசலைக் கலெக்டர் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, நகலை மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இது பழைய கதைங்களே ஐயா, இப்ப எதுக்குங்க?” என்றான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும் அதைத்தானே இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து கீழ் லயத்துக்குப் போனேன். வேலாயிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். “பிட்டர் அண்ணனா? உக்காருங்க” என்றாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே இன்னொரு நகலைப் படித்தேன்.

“அப்ப ஓடிப் போவல” என்றாள்.

“ஓடலைங்க அம்மிணி.”

“அன்னைக்கி உசுரோட இருந்தாரு.”

“இருந்தாருங்க.”

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். எதையாவது எடுத்து அடித்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கையை நீட்டித் தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“ஒங்க கூட்டாளி வருசா வருசம் ஆடியில வருவாருண்ணே. கோத்தகிரியிலேருந்து பஸ்சு மாறி மாறி வருவாரு. ‘ஒன் புருசன் ஓடிப் போவல தாயி, நான் காதால கேட்டேன்’னு சொல்லுவாரு. நான் நம்பல. நம்ம பிட்டர் அண்ணன் பொய் சொல்லுவாரான்னு அவரு மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். கடசியா வந்தப்ப வெளக்கமாத்த எடுத்துட்டேன். அப்படியே திரும்பிப் போயிட்டாரு.”

பந்தலூர் பஸ் என் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். வருஷத்துக்கு ஒரு நாள் நீ அதில் உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தெரியாது.

“ஒங்க கூட்டாளி எங்கண்ணே அடங்கியிருக்காரு?” என்று கேட்டாள். “கூட்டிட்டுப் போறீங்களா? ஒரு தடவ அவரு காலடியில நின்னு மாப்புக் கேக்கணும்.”

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் உன்னிடம் கேட்கும் மன்னிப்பை நான் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கே கொண்டுபோய் இறக்குவது? நீ செத்தபோது உன் மகள் சொல்லி அனுப்பினாள். முழங்கால் வலி என்று சொல்லி நான் வரவில்லை. உன்னைப் புதைத்தார்களா, எரித்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.