கண்ணாடிக்குப் பொட்டு

அன்புள்ள குட்டிம்மா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுவலி குறைந்ததா?

முந்தாநாள் நான் துடைத்த கண்ணாடிச் சுவரைப் பார்த்து, "கண்ணாடி இருக்கிறதே தெரியலப்பா" என்று சூப்பர்வைசர் மெச்சினார். நேற்றுக் காலை அதன் அடியில் ஒரு பறவை செத்துக் கிடந்தது.

"கிளிதான், குப்பையில போடு" என்றார் வாட்ச்மேன்.

திருப்பிப் பார்த்தேன். நீல முதுகு, நீண்ட அலகு. மீன்கொத்தி. கண்ணாடி இருப்பது அதற்கும் தெரியவில்லை. வாளியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், கொஞ்ச நேரம்தான்.

அடுத்த பார்சலில் ஸ்டிக்கர் பொட்டு நாலு அட்டை வை. யாருக்கென்று சந்தேகப்படாதே, அந்தக் கண்ணாடிக்குத்தான். சூப்பர்வைசர் திட்டினால் திட்டட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நம் வீட்டுக் கண்ணாடியில் நீ ஒட்டி வைக்கிற பொட்டுகளுக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். அவற்றைச் சுரண்டிவிடாதே.

உன்னவன்