படிக்காமல் போடும் கையெழுத்து

1945 ஜூலை 9

காலையில் மறுபடி தண்ணீர் வரவில்லை. உலகத்தைப் புரட்டிப்போடும் மேதைகள் எல்லாம் இந்த மலைமேல் ராணுவத்தின் ரகசிய ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறோம். ஒரு குழாயைச் சரிசெய்ய ஆளில்லை.

மகன் கிளேட்டனிடமிருந்து கடிதம். பாதியைத் தணிக்கைக்காரர் கறுப்பு மையால் அடித்திருந்தார். பையனைக் கப்பலில் ஏற்றப்போகிறார்கள் என்பது மட்டும் மிச்சம். எங்கே என்று என் மனைவி வில்மா கேட்டாள். ஜப்பான் கரைக்குத்தான், வேறெங்கே.

ஜூலை 13

பெலிங் வந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். என் ஆராய்ச்சியைத் தன் பெயரில் அச்சிட்டு, சட்டையில் வெள்ளை அட்டை குத்திக்கொண்ட மகான். வெள்ளைக்கு எல்லாம் தெரியலாம். நான் நீலம், நான் உருக்கும் உலோகம் எதற்கென்று எனக்குத் தெரியக்கூடாது. சமையல்காரருக்கே தெரியும். இருந்தாலும் கூடாது.

எச்சரிக்காமல் ஊர்மேல் இந்தக் குண்டைப் போடவேண்டாம் என்று மேலிடத்துக்கு மனுவாம்.

"கையெழுத்துப் போடுப்பா."

"குடு, படிக்கிறேன்."

"படிக்கக் கூடாது. ரகசிய முத்திரை குத்தியாச்சு. நீ நீலம்."

மனசாட்சிக்கும் அட்டையின் நிறம் பார்க்கும் இடம்!

"ஆளில்லாத தீவுல வெடிச்சுக் காட்டினாலே பணிஞ்சிருவாங்க," என்றான்.

"பணியலைன்னா? கரையேறப் போறது என் பையன்டா."

அவனுக்குக் குழந்தை கிடையாது. அறம் பேச எவ்வளவு வசதி.

போடவில்லை.

ஜூலை 14

வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் போட்டிருப்பேனா? — இல்லை. பையனுக்காகத்தான். பையனுக்காகத்தான்.

ஆகஸ்ட் 6

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு முழு ஊர். தெருவில் ஆட்டம்.

வில்மா ஓடி வந்தாள். "ஏங்க, இதையா பண்ணிட்டிருந்தீங்க? நம்ம புள்ள பொழச்சுட்டான்ல?"

பொழச்சுட்டான். நானும் குடித்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ஆகஸ்ட் 9

இன்னொரு ஊராம். முதலாவது போதவில்லை போலிருக்கிறது. கேட்கலாம், ஆனால் நான் நீலம்.

ஆகஸ்ட் 20

போர் முடிந்தது. கிளேட்டன் வீடு திரும்புகிறான்.

பெலிங்கின் அறைக்குப் போனேன். "அந்த மனு... அதுல இன்னும் இடம் இருக்கா?"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பெட்டகத்துல வெச்சுப் பூட்டிட்டாங்க. மேல போகவே இல்ல. எழுதினவன் நான், எனக்கே இப்ப பாக்க அனுமதி இல்ல."

"அப்போ நான் போட்டிருந்தாலும்—"

"ஒண்ணும் ஆயிருக்காது. போய்த் தூங்கு."

எவ்வளவு பெரிய ஆறுதல். அதுவும் பெலிங் வாயிலிருந்து.

வீட்டில் வில்மா, பையன் வந்தால் படுக்கக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தாள். ஓரமாக உட்கார்ந்தேன்.

"கசங்கிடும், எந்திரிங்க," என்றாள்.

எழுந்து நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை.