உங்களுக்கு முன் நான் சொன்ன பதில்

மதினி,

இன்று காலை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டே வழி கேட்டாள். துணியைத் தாண்டியும் அந்த வாடை வந்தது. ஈறு அழுகும் வாடை. கொடைக்கானலில் பல் டாக்டரிடம் பன்னிரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். எனக்கு அது புதிதில்லை. ஆனால் அப்படி மறைத்துப் பேசியவர்களில் எனக்குச் சொந்தம் நீங்கள் ஒருவர்தான்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் கூக்காலுக்கு வந்தபோது நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பவர். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஈறு வீங்கியது. பல் விளக்கினால் ரத்தம். "அந்தப் பக்கம் திரும்பிப் பேசு" என்று சோற்றுத் தட்டின் முன்னால் அண்ணன் சொன்னதை நானும் கேட்டேன். கேட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

வயிற்றுச் சங்கதி எனக்கு மட்டும்தான் தெரியும். பூண்டுக் காட்டில் களை எடுக்கும்போது ஏழெட்டுத் தடவை ஓடைப் பக்கம் போவீர்கள். ஒருநாள் பின்னாலேயே வந்தேன். "ரத்தமாப் போகுது தாயி. வெளிய சொல்லிராத, மானம் போயிரும்" என்றீர்கள். மூலம் என்று நாமே முடிவு கட்டினோம். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால் முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவீர்கள். மலைப்பாதையில் நினைத்த இடத்தில் பேருந்து நிற்காதே.

பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் உங்களை எங்கள் டாக்டரிடம் கூட்டி வந்தேன். அவர் வாயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த வயசுல இவ்வளவு மோசமா இருக்கக் கூடாதே. சுகர் இருக்கா? வயித்துல வேற ஏதாவது தொந்தரவு?"

நீங்கள் வாய் திறக்கும் முன் நான் சொன்னேன்: "ஒண்ணும் இல்ல சார்."

உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். பொய். நான் வேலை பார்க்கும் இடத்தில் எங்கள் வீட்டு அசிங்கம் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்ட பார்வை.

ஈறைச் சுத்தம் செய்து அனுப்பினோம். அடுத்த மழைக்காலத்தில் குடல் ஓட்டையாகி உங்களை மதுரைக்குக் கொண்டு போனோம். "பெருங்குடல் பூரா புண்ணு. வருசக்கணக்கா இருந்திருக்கும். ஏன் விட்டீங்க?" என்று அங்கே கேட்டார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?" இல்லையென்று தலையாட்டினேன். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையுறையைக் கழற்றாமல் நின்றார். "ஈறு நோயும் குடல் அழற்சியும் பல பேருக்குச் சேர்ந்தே இருக்கும்மா. எது எதைக் கொண்டு வருதுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா, அப்பவே குடல் டாக்டர்ட்ட அனுப்பியிருப்பேன்." திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"அவ விதி அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் காட்டில் மறுபடி பூண்டு போட்டுவிட்டார். உங்கள் மகள் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

இப்போது ஈறு கெட்டு வருகிறவர்களிடம் வயிற்றைப் பற்றி நான்தான் கேட்கிறேன். பெண்கள் என்றால் கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். போன வருடம், ஆடலூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஒருத்தி அழுதுகொண்டே "ஆமாக்கா" என்றாள். மதுரைக்கு அனுப்பினோம். மாத்திரையில் தேறி வந்து, பிறந்த வீட்டு மிளகு ஒரு பை கொடுத்தாள். "நீங்க கேக்கலேன்னா செத்துப் போயிருப்பேன்க்கா."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, மதினி. அவள் விஷயத்தில் நான் கேட்கவாவது வேண்டியிருந்தது. உங்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. டாக்டரே கேட்டுவிட்டார். நான் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.