யோகத்துக்குப் போகும் கூடாரம்

3.10.96 வியாழன். வெயில்.

அப்புவுக்குக் கொள்ளி வைக்க மூத்த மகன் நான் இருந்தேன். வைக்க விடவில்லை. வவுனியாவில் ஊரடங்கில் இரண்டு நாள் அகப்பட்டுக் கிடந்தேன். வருகிறேன், பொறுங்கள் என்று தந்தியும் கொடுத்திருந்தேன். பொறுக்கவில்லை. தங்கச்சி யோகம் தன் புருசனைக் கொண்டு கொள்ளி வைப்பித்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல். பதினொரு வருடம் அவளோடு பேச்சில்லை. போன வருடம் அவளுடைய புருசன் செத்ததற்கும் நான் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன். கீழே வருவதைப் பிறகு வாசித்து, நான் இளகிவிட்டேன் என்று நானே நினைத்துவிடக் கூடாது.

இன்று ஒரு பார்சல். சுவிசிலிருந்து வந்த ஒருவர் கையில் மகள் வதனி கொடுத்துவிட்டது. கூடாரம். மலை ஏறுகிறவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு போவதாம். யோகம் சண்டையால் இடம்பெயர்ந்து, மகளோடும் கைக்குழந்தைப் பேரனோடும் வன்னியில் மல்லாவிப் பக்கம் பாலை மரத்தின் கீழ் இருக்கிறாள். மாரி தொடங்கப் போகிறது. வதனி எழுதியிருக்கிறாள்: "அப்பா, மாமிக்கு அனுப்ப முதல் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ. இது குளிர் நாட்டுச் சாமான்."

பார்க்காமல் சாமான் அனுப்புவது என் பழக்கம் இல்லை. துறைமுகப் பண்டகசாலையில் முப்பத்தொரு வருடம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி; இங்கிலீசு படித்தது பெட்டிகளில் ஒட்டியிருந்த லேபல்களில். அந்தப் பழக்கம்தான். வேறு காரணம் இல்லை.

உள்ளே:
உள்கூடாரம், நுளம்புவலைக் கதவோடு - 1
மேல்சீலை, மஞ்சள் (நல்லவேளை, பட்டாளப் பச்சை இல்லை) - 1
மடக்குத் தடி, அலுமினியம், துண்டுகளுக்குள் ரப்பர் நூல் - 2
ஆணி - 12
விளக்கத்தாள், ஜெர்மன், படத்தோடு - 1

எல்லாம் சேர்த்துக் கீழ்க்கடை முஸ்லிம் நானாவின் தராசில் 2 கிலோ 300. ஒரு வீடு!

4.10 வெள்ளி. வெயில், கடல் காற்று.

மொட்டைமாடியில் அடித்தேன். சீமெந்தில் ஆணி இறங்காது. மூலைக்கு இரண்டு செங்கல். காற்றில் தடி வளைந்தது, திரும்ப நிமிர்ந்தது. முறியவில்லை. நல்ல வேலைப்பாடு, ஒப்புக்கொள்கிறேன்.

மு.ப. 10. உள்ளே பத்து நிமிடம் இருந்தேன். அப்பச்சட்டிச் சூடு. பகலில் குழந்தையை உள்ளே கிடத்தக் கூடாது.

மனைவி சரசு உடுப்புக் காயப்போட வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பதினொரு வருசமாக் கதையாத ஆளுக்கு வீடு கட்டுறியள் போல" என்றாள். சாமானைப் பரிசோதிக்கிறேன் என்றேன். "ஓம், ஓம். செங்கலைப் பாத்து வையுங்கோ. கிழிஞ்சிடும்."

5.10 சனி. மழை இல்லை.

தேவையான நாளில் இல்லை. ஆறு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு. கடைவாய்ப் பல் குத்துகிறது.

6.10 ஞாயிறு. பி.ப. 4 இடி, பெருமழை.

கடைசியில் வந்தது. ஓடிப்போய் உள்ளே இருந்தேன். சரசு சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். கிழவனும் கிழவியும், முழங்கால் முட்ட. இடிக்கு அவள் என் கையைப் பிடித்தாள். கலியாணமான புதிதிலும் இப்படித்தான்.

தரை காய்ந்தபடி. ஆனால் சுவரெல்லாம் ஈரம், நெற்றியில் சொட்டு. சுவிஸ்காரனைத் திட்டினேன். சரசு விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது மழை இல்லை. எங்கட மூச்சு." எல்லா ஜிப்பையும் நான் இறுக்கிப் பூட்டியிருந்தேன். விளக்கத்தாளை எடுத்துப் பார்த்தால் நாலாவது படத்தில் மேல் வாய், காற்றுப் போகிற ஓட்டை, திறந்திருக்கிறது. படம் பார்க்கத் தெரியாத முட்டாள் நான்.

சின்ன விசயம் இல்லை. யோகத்துக்கு இழுப்பு. ஈரக் காற்றில் நெஞ்சு பூட்டிவிடும், சொண்டு நீலமாகும். நான் பூட்டிய மாதிரி அவளும் பூட்டினால்?

7.10 திங்கள். மப்பு.

பொலிஸ். ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நேரே மொட்டைமாடியில் மஞ்சள் கூடாரம், அதற்குள் ஒரு தமிழ்க் கிழவன். நான் யோசித்திருக்க வேண்டும். இருவர் வந்தார்கள். இளையவர் தடியை எடுத்து உதறினார். ரப்பர் நூல் இழுத்து அது படபடவென்று எட்டடி நீண்டது. இருவரும் பின்னால் பாய்ந்தார்கள். வயர்லெஸ் ஏரியலா என்று கேட்டார்கள். நானா மூச்சிரைக்க ஏறி வந்து, பேரப்பிள்ளைகள் விளையாட வாங்கியது என்று சிங்களத்தில் சொன்னார். இல்லை, தங்கச்சிக்கு என்று நான் சொல்லத் தொடங்க, முழங்கையில் கிள்ளினார். அடையாள அட்டை இலக்கம் எழுதினார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு பார்த்தார்கள். கழற்றச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நானா: "ஐயா, உண்மை பேச ஒங்களுக்கு வேற நாள் கெடைக்கல்லயா?"

பிழை என்னுடையது இல்லை. ஆனாலும் பின்னேரம் நானாவுக்கு நன்றி சொன்னேன்.

8.10 செவ்வாய். தூறல்.

மட்டக்குளி பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு. கோயில் பாதர் சனிக்கிழமை உணவு லொறிகளோடு வன்னிக்குப் போகிறார். அவர் கையில்தான் சாமான். பிரித்துப் பார்த்தார். "ஐயா, சீலை போகும். தடி போகாது. போன முறை சோதனைச்சாவடியில ஆமி குடைக்கம்பியையே திருப்பி விட்டவங்கள்."

வாதாடினேன். தடி இல்லாமல் இது கூடாரம் இல்லை, வெறும் சாக்கு என்றேன். பாதர் பொறுமையாகக் கேட்டார். பிறகும் அதையே சொன்னார். ஆணியும் போகாதாம். தடிகளோடு பஸ்ஸில் திரும்பினேன். இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

9.10 புதன். பி.ப. மழை, பலமான காற்று.

தடி நுழைக்கிற உறைக்குள் கயிறு நுழையும்! காலையில் பல் விளக்கும்போது பட்டது. இரண்டு மரத்துக்கு நடுவில் கயிற்றை இழுத்துக் கட்டினால் அதுவே முகடு. அங்கே மரத்துக்குப் பஞ்சமில்லை.

நானாவின் கொல்லையில் இரண்டு தென்னை. கேட்டேன். "பொலிஸுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு கயிற்றின் மறுமுனையை அவரே பிடித்தார். மூலைகளுக்கு நானே சீவிய முளைகள். மணலில் நேரே அடித்தால் கழலுகிறது, சரித்து அடித்தால் நிற்கிறது. உள்ளே இடம் குறைவு: இரண்டு பெண்களும் குழந்தையும் நெருக்கிப் படுக்கலாம்.

மழை. மேல் வாய் திறந்தபடி ஒரு மணித்தியாலம் இருந்தேன். சுவர் காய்ந்தபடி! ஆனால் மேற்கு மூலைத் தையலில் ஒழுக்கு. சரசு மெழுகுதிரி கொண்டுவந்து தையல் முழுவதும் தேய்த்தாள். திரும்ப வாளியால் ஊற்றினோம். நின்றது. நின்ற மாதிரித்தான். வன்னி மழைக்கு என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது.

10.10 வியாழன். வெயில்.

ஒரு சிக்கல். கயிற்றால் கட்டுவது விளக்கத்தாளில் இல்லை. யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். பாதருக்கு வாயால் சொல்லிப் பார்த்தேன், தபாற்கந்தோரிலிருந்து தொலைபேசியில். "எழுதித் தாங்கோ ஐயா" என்றார். சரசுவை எழுதச் சொன்னேன். "எனக்கு உந்தக் கயிறு முடிச்சொண்டும் விளங்காது" என்றாள். பொய். நேற்று முடிச்சுப் போட்டதே அவள்தான்.

எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். "அன்பின்" போடவில்லை. "யோகம்," என்று தொடங்கி, நேரே கயிறு. படம் மூன்று. மேல் வாயைப் பூட்டக் கூடாது என்பதற்குச் சிவப்புக் கோடு, இரண்டு தரம்.

சரசு வாசித்தாள். "ஒரு சுகம் கேக்கேல்லையே?"

இது சாமான் கடிதம் என்றேன். அவள் தாளை மேசையில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். தாளைத் திரும்ப எடுத்தேன். கடைசியில் ஒரு வரி: உன் புருசன் போனது கேள்விப்பட்டேன். அவ்வளவுதான் வந்தது. மன்னிப்பு வேறு, மழை வேறு.

11.10 வெள்ளி. விடியற்காலை மழை, பிறகு வெளிப்பு.

நாளை லொறி. செய்யவேண்டியவை:

நான்: மு.ப. 9க்கு முதல் கொட்டாஞ்சேனை. சீலை, கயிறு இருபது முழம், மெழுகுதிரி நாலு, கடிதம். அப்புவின் விசயத்தைப் பாதரிடம் கதைக்கக் கூடாது.

சரசு: சீலையைத் திரும்ப மடிப்பது (நான் மடித்தால் பைக்குள் போகுதில்லை). குழந்தைக்குத் தைத்த சட்டையை நடுவில் வைப்பது.

வதனி: தடி இல்லாமல் கட்டலாம் என்று சுவிஸ் கம்பனிக்கு எழுதுவது. அவர்களுக்கும் தெரியட்டும்.

பாதர்: யோகத்தின் கையில் நேரே கொடுப்பது. வேறு யாரிடமும் இல்லை.

யோகத்தின் மகள்: பள்ளத்தில் கட்டாமல் மேட்டில் கட்டுவது. சுற்றிவர ஒரு சாண் வாய்க்கால்.

யோகம்: மேல் வாயைத் திறந்து வைப்பது. தலைமாடு கதவுப் பக்கம். முதல் மழை கழிய, எந்தப் பக்கம் ஒழுகினது, இரவில் இழுப்பு வந்ததா இல்லையா என்று எனக்குக் கட்டாயம் எழுதுவது. ஒழுகாவிட்டாலும் எழுதுவது.